பல்லியை உண்மையாகவே காணவில்லை

1

இந்தக் கதையை நான் எழுதியிருக்கவே வேண்டாம். சானடோரியம் ஸ்டேஷனுக்கு நடந்து போகிறவன் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. சிட்லபாக்கத்தில் ஒரு மின்கம்பத்தில் ஒட்டியிருந்த தாளைப் படித்துத் தொலைத்தேன்.

"வளர்ப்புப் பல்லியை உண்மையாகவே காணவில்லை. மஞ்சள் நிறம், கறுப்புப் புள்ளிகள். பெயர் பூந்தி."

அதற்குக் கீழே யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்: "எங்க வூட்ல பத்து கீது. வந்து எட்த்துக்கோ."

சிரித்துக்கொண்டே ரயில் ஏறினேன். பல்லாவரம் வருவதற்குள் சிரிப்பு போய்விட்டது. அந்த 'உண்மையாகவே' எதற்கு? தாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதிப் பழகிய முத்து முத்தான கையெழுத்து. அந்த ஒரு சொல் மட்டும் வேறொருவர் கையால் நடுவில் செருகப்பட்டிருந்தது. மூன்று வாரமாக அது என் உயிரை வாங்குகிறது. கம்பத்தில் இருந்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "சனிக்கிழமை மூன்று மணிக்கு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் லாசரஸ் ஸ்டூல்மேல் ஏறி, டியூப்லைட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே பூந்தி—"

அங்கே பூந்தி இருக்க முடியாது. இதை எழுதி நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வகைப் பல்லிக்குக் கண்ணிமை உண்டு. ஆனால் சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறும் பாதம் கிடையாது. தரையோடு தரையாகத் திரிகிற பிராணி அது. பல்லி என்றதும் அண்ணாந்து பார்க்கிற புத்தி நமக்கு, எனக்கும்தான்.

அந்த வரியை அடித்துவிட்டு அவரைக் கீழே இறக்கப் பார்த்தேன். இறங்கமாட்டேன் என்கிறார். பூந்தி சுவர் ஏறாது என்பது அவருக்குத் தெரியாது. ஏழு மாதமாக ஒரே வீட்டில் இருந்தும் அதை ஒரு தடவைகூட அவர் உற்றுப் பார்த்ததில்லை. மகள் ஜோஸ்வின் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். அப்போது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சரி, ஸ்டூல்மேலேயே நிற்கட்டும்.

3

நடந்தது இதுதான். ஜோஸ்வின் தோழியின் நிச்சயதார்த்தத்துக்காகச் செங்கல்பட்டு போயிருந்தாள். மனைவி பிளஸ்ஸி வேலூரில், தங்கை வீட்டில். வீட்டில் லாசரஸும் பூந்தியும் மட்டும்.

"ரெண்டு மணிக்கு புழு மட்டும் வெச்சிடுங்கப்பா. ஸ்பூன்ல எடுத்து வைங்க. கதவை மூடிடுங்க, ப்ளீஸ்."

ஸ்பூனில் புழு நெளிந்தது. லாசரஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. புழுவைப் பூந்தி இருக்கும் கண்ணாடித் தொட்டிக்குள் உதறிவிட்டு, ஓடிப்போய் சோப்புப் போட்டு மூன்று முறை கைகழுவினார். திரும்பி வந்தபோது தொட்டிக்குள் கல் இருந்தது, தண்ணீர்க் கிண்ணம் இருந்தது, புழு இருந்தது. கண்ணாடிக் கதவு திறந்திருந்தது.

[அடைப்புக்குறிக்குள் ஒன்று: பூந்தி வந்த அன்று, "இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று லாசரஸ் சொல்லியிருக்கிறார். நாம் மறந்தாலும் ஜோஸ்வின் மறக்கமாட்டாள்.]

4

அவருக்கு எதையும் முறைப்படி செய்தாக வேண்டும். வீட்டுச் சுவர்களை எல்லாம் நோட்டில் வரைந்து கட்டம் பிரித்தார். ஹால், கிழக்குச் சுவர், கட்டம் ஒன்று: டிக். பைபிள் வசனம் போட்ட வாக்குத்தத்தக் காலண்டருக்குப் பின்னால்: சாதாரணப் பல்லி, ஒன்று. கடிகாரத்துக்குப் பின்னால்: சாதாரணப் பல்லி, வால் அறுந்தது. தரைக்கு அந்த நோட்டில் ஒரு கட்டம்கூட இல்லை. காகிதத்துக்கு வெளியே இருந்து நான் கத்தினால் அவருக்கா கேட்கப்போகிறது?

நாலரை மணிக்குப் பாத்திரம் தேய்க்க வந்தார் அஞ்சம்மாள்.

"இன்னா சார், ஸ்டூல் மேல ஏறிக்கினு? வியுந்து வெச்சா யார் பாக்கறது?"

"பாப்பாவோட பல்லி ஓடிப்போச்சு, அஞ்சம்மா."

"அத்தயா தேடிக்கினு கீற? தோ, செவுத்துல ஒண்ணு கொழுகொழுன்னு கீது பாரு. புட்ச்சு உள்ள வுடு."

"அது மஞ்சளா இருக்கும்மா. புள்ளி இருக்கும்."

"வூட்ல மஞ்சத்தூள் இல்லியா?"

லாசரஸ் அரை நிமிடம் யோசித்தார்.*

"நெசமா சொல்லு சார்," என்றார் அஞ்சம்மாள், விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டே. "ஓடிப்போச்சா, நீயே ஓட்டி வுட்டியா?"

லாசரஸ் ஸ்டூலைவிட்டு இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

* மஞ்சள்தூள் டப்பாவைத் திறந்தும் பார்த்தார். வேண்டாம் என்று எத்தனையோ தடவை அடித்தேன். திரும்பத் திரும்பப் போய்த் திறக்கிறார்.

5

இந்த ஆளை நான் சிரிப்புக்காகத்தான் உருவாக்கினேன். வேலைக்காரம்மா ஒரு வார்த்தை கேட்டதற்கு முகம் ஏன் இப்படிச் செத்துப்போக வேண்டும்? எரிச்சலோடு அவருடைய பழைய கதையைக் கிளறினேன். கிளறியிருக்கக் கூடாது.

ஜோஸ்வினுக்குப் பதினோரு வயதானபோது ஒரு பூனைக்குட்டி இருந்தது. சோபாவைப் பிறாண்டியது. அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் லாசரஸ் அதை வயர்கூடையில் போட்டு, மேலே துண்டால் மூடிக் கட்டி, ஸ்கூட்டரில் ராஜகீழ்ப்பாக்கம் கொண்டுபோனார். ஒரு டீக்கடைக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தார். சாயங்காலம் "ஓடிடுச்சும்மா" என்றார்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் தாள் தாளாகப் பூனையை வரைந்து, 'காணவில்லை' என்று எழுதிக் கம்பம் கம்பமாக ஒட்டினாள். கூடவே போய்ப் பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் லாசரஸ். ஒரு தாள் கோணலாக இருக்கிறதென்று பிரித்துச் சரியாக ஒட்டவும் செய்தார். மனுஷனா நீர்! எழுதுகிற எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இன்று ஆறு மணிக்கு ஜோஸ்வின் வருவாள். அதே வாயால் அதே 'ஓடிடுச்சும்மா'வைச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை அது நிஜம். யார் நம்புவார்கள்?

6

பொறுமை போய் நானே பூந்தியைக் கண்டுபிடித்து வைத்துவிட்டேன். வாசல் அலமாரியின் அடித்தட்டில் லாசரஸ் சர்ச்சுக்குப் போடும் கறுப்பு ஷூ இருக்கிறது. வலதுகால் ஷூ, உள்ளே, நுனியில். உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவர் அதற்குள் காலை விடுவார்.

முடிவு அ: ஆறு மணிக்குள் ஷூ விஷயம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பூந்தி தொட்டிக்குத் திரும்புகிறது. "சாப்டுச்சாப்பா?" "சாப்டுச்சும்மா." எல்லோருக்கும் நிம்மதி. பூனைக்குட்டி ஆயுசுக்கும் ராஜகீழ்ப்பாக்கத்திலேயே கிடக்கிறது. எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: ஜோஸ்வின் அவர் சொல்வதை நம்பாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். அந்தக் கதவு

வேண்டாம். என்னால் முடியாது.

7

அவள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"பூந்தி ஓடிடுச்சும்மா."

அவள் அவரையே பார்த்தாள்.

"பூனை ஓடல," என்றார் லாசரஸ். இதை நான் எழுதிக் கொடுக்கவில்லை. "நான்தான் கொண்டுபோய் விட்டேன்."

"தெரியும்பா. அன்னிக்கே தெரியும். துண்டுல முடி இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கும்மா அத்தனை நோட்டீஸ் ஒட்டினே?"

"நீங்க எப்பதான் சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

பதிமூன்று வருடம். வாத்தியாருக்கு மூக்கு சிவந்தது. துடைத்துக்கொண்டார். அவள் உள்ளே போய், திறந்திருந்த தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இது நிஜமாவே ஓடிடுச்சா?"

"நிஜமாம்மா."

"பேப்பர் எடுங்க."

அவர் முத்து முத்தாக எழுதினார். அவள் பேனாவை வாங்கி, நடுவில் ஒரு சொல்லைச் செருகினாள். அது மன்னிப்பா, குத்தலா? கம்பத்துக்குக் கீழே நின்று எத்தனையோ தடவை படித்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை. பூந்தி கிடைத்ததா என்பதும் தெரியவில்லை. ஒட்டிய தாளைக் கிழிக்கும் வழக்கம்தான் நம் ஊரில் கிடையாதே.

8

இப்போது மணி ஆறே முக்கால். அப்பாவும் மகளும் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். வீட்டைப் பூட்ட மறந்துவிட்டார்கள், மறக்கவைத்தது நான்தான். என் பங்கு முடிந்தது. இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள்.

உள்ளே போவதென்றால் நீங்கள் போகலாம். அண்ணாந்து பார்க்காதீர்கள். வலதுகால் ஷூவை மெதுவாகச் சாயுங்கள், வாலைப் பிடிக்காதீர்கள். தொட்டியில் விட்டதும் கண்ணாடிக் கதவை ஞாபகமாக மூடுங்கள்.

ஆனால் கொஞ்சம் பொறுத்துப் போங்கள். அவர்களுக்கு இன்னும் நாலு கம்பம் பாக்கி இருக்கிறது. இந்தத் தடவையும் பசை டப்பா லாசரஸ் கையில்தான்.