எதிர்வீட்டை நான் எழுதவில்லை

1

பேருந்து வராததால் கிடைத்தது இந்தக் கதை. இதில் என் கற்பனை குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொல்லங்கோட்டில் ஒரு வாசகசாலையில் மாலை நேர மலையாள வகுப்பு நடக்கிறது. தமிழ்வழியில் படித்துவிட்டு இப்போது எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும் எங்கள் கூட்டத்தில் செல்வலட்சுமி அக்கா என் பக்கத்து பெஞ்சு. தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது ஆசிரியர் ஜிபி சாரின் கட்டளை. என் வாழ்க்கையில் தினமும் ஒரு பக்கத்துக்கு எதுவும் நடப்பதில்லை. அக்காவுக்கு நடந்தது. வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சொல்வார், நான் வீட்டுக்குப் போய் எழுதுவேன். மலையாளத்தில் எழுத வேண்டியதைத் தமிழில் எழுதிவிட்டேன், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று. இன்னும் மாற்றவில்லை.

(நேரில் 'அக்கா', 'சொல்வார்'. கதையில் 'அவள்', 'சொன்னாள்'. அனுமதி கேட்டேன். "எழுத்துல என்ன வேணாலும் கூப்பிட்டுக்கோ கௌசி, என்னைய அழ மட்டும் விட்டுராத" என்றார்.)

2

முதல் தொடக்கம்: 'ஊருக்கு வெளியே, மாந்தோப்புகளைப் பார்த்தபடி அமைதியான ஒரு காலனி இருந்தது. அங்கே'

விட்டுவிட்டேன். அமைதியான காலனி என்றால் அது எந்த ஊரிலும் இருக்கலாம்.

இரண்டாவது தொடக்கம்: 'தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெறும் தொழிலாளி, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.'

கட்டுரை மாதிரி இருக்கிறது. ஆனால் இது தெரியாமல் கதை நகராது, ஆகவே இருக்கட்டும். மலைமேல் இருக்கும் பீர்மேட்டில் வரிசையாகக் கட்டிய அந்த வீடுகளில் ஒன்றில் பெரியமுத்து வேலைக்காலம் முழுவதும் இருந்தார். ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டார். அவருடைய மகன் பாண்டித்துரை தேனிப் பக்கம் இன்னொரு பெண்ணோடு இருக்கிறான். அந்தப் பாண்டித்துரையின் மனைவிதான் செல்வலட்சுமி. அவளுக்கு இங்கே, கொல்லங்கோட்டுக்குப் பக்கத்து முதலமடை மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை கிடைத்தது. ஆகவே மாமனாரும் மருமகளோடு புறப்பட்டார்.

இந்த இரண்டாவது 'ஆகவே'யில் எனக்கு நம்பிக்கை இல்லை. மகனே விட்டுப் போனபின் மருமகள் மாமனாரைக் கூட்டிக்கொண்டு அலைவதற்கு 'ஆகவே' போதுமா? கேட்டேன்.

"அவன் போன பிறகும் அவரு வச்ச கஞ்சியக் குடிச்சுட்டுத்தான் வேலைக்குப் போனேன். பெறகு என்ன கேள்வி இது?" என்றார் அக்கா.

'ஆகவே' இருக்கட்டும்.

3

தெருவைப் பற்றி. நான் போய்ப் பார்த்தேன், பொறாமையாக இருந்தது. இரண்டு வரிசை வீடுகள், எல்லாவற்றிலும் குடும்பங்கள். சாயங்காலமானால் எல்லா வாசல் கதவுகளும் திறந்துவிடும். மலைகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளி வழியாக வரும் காற்று ஒரு வீட்டில் நுழைந்து அடுத்த வீட்டுக்குப் போகிற மாதிரி வீசும். யாராவது ஊருக்குப் போயிருந்தால் அவர்கள் வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து வைப்பார். ஒரு வீட்டில் விளக்கு எரியாவிட்டால் மறுநாள் காலையில் என்னவென்று கேட்பார்கள். இப்படி ஒரு தெருவில் இருக்க யாருக்குத்தான் ஆசை வராது? செல்வலட்சுமிக்கும் வந்தது. அதே தெருவில் இருக்கும் பழனாத்தாள் என்ற அம்மாள் வாடகைக்கு விடும் சிறிய வீடு ஒன்று காலியாக இருந்தது.*

(* எதிர்வீட்டை நான் எழுதவில்லை. வேண்டுமென்றேதான். கடைசியில் அது தேவைப்படும்.)

பழனாத்தாள் கேட்டுக்குள்ளேயே நின்று கேட்டார்:

"பேமிலிக்குத்தானுங்க உடறது. ஊட்டுக்காரர் எங்கீங்க?"

4

இந்த இடத்தில் நான் ஒரு பொய் எழுதினேன். 'துபாயில் இருக்கிறார்' என்று செல்வலட்சுமி சொல்வதாக. அழகாகப் போயிற்று. பழனாத்தாள் சிரித்தார், சாவி கைமாறியது, ஒரே பக்கத்தில் கதை முடிந்தது. அவள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அக்கா பஸ் ஸ்டாப் விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தைப் படித்தார்.

"துபாய்ல இருந்து போன் வரணும்ல? யாரு பேசுவா, நீயா?"

"கதைக்காகத்தான் அக்கா."

"கதைக்குள்ள குடியிருக்கப் போறது நானு. தெனமும் ஒருத்தனைத் துபாய்ல உக்கார வச்சுச் சோறு போட என்னால ஆகாது."

அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்.

"அவரு இல்லக்கா. தேனிப் பக்கம் வேற குடும்பமாயிட்டாரு."

பழனாத்தாள் பின்னால் நின்றவரைப் பார்த்தார். பெரியமுத்து இரண்டு பைகளைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இவரு உங்கப்பாவுங்களா?"

"மாமனாரு."

"மகனே இல்லீங்கறீங்க. அப்பறம் மாமனாரு எங்கிருந்துங்க வந்தாரு?"

"மகன் போனா மாமனாரும் போயிரணுமாக்கா? இவரு போகலையே."

பழனாத்தாள் கேட்டைத் திறந்தார். (என்ன நினைத்தார் என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். எனக்கு அது தெரியாது, ஆகவே எடுத்துவிட்டேன்.) பிறகு சாவியை நீட்டினார்.

"ரெண்டு மாசம் இருங்க, பாக்கலாம். எக்ரிமெண்ட்டு அப்பறம் போட்டுக்கலாம். நம்ம தெருவுல ஒரு பேச்சு வரக்கூடாது, அவ்வளவுதானுங்க."

5

பேச்சு வந்தது. அதற்குக் காரணம் கதவு.

தெருவில் எல்லாக் கதவும் திறக்கிற நேரத்தில் அந்த ஒரு வீட்டுக் கதவு மட்டும் சாத்திக்கொண்டது. ஜன்னல்களும் அப்படியே. உள்ளே புருஷன் இல்லாத ஒருத்தி, அவளுடைய மாமனார். மூடிய கதவைப் பார்த்து என்ன பேசுவார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. தெருவை வில்லனாக்க ஒரு பக்கம் முயன்றேன், வரவில்லை. எரியாத விளக்கைக் கவனிக்கிற அதே கண்தான் திறக்காத கதவையும் கவனிக்கிறது. ஒன்றை மெச்சிக்கொண்டு இன்னொன்றை எப்படித் திட்டுவது?

சித்திரை வெயில் இறங்கிய ஒரு மாலையில் பழனாத்தாள் வந்து கதவைத் தட்டினார். சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் எண்ணத்தோடுதான் வந்தார். (இதை அவரே பிற்பாடு செல்வலட்சுமியிடம் சொல்லியிருக்கிறார்.)

கதவைத் திறந்தவர் பெரியமுத்து. கம்பளி ஸ்வெட்டர், காதுவரை இழுத்துவிட்ட குல்லா. முகத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து வந்த சூட்டில் பழனாத்தாள் ஒரு அடி பின்னால் போனார்.

"ஏனுங்க, காய்ச்சலுங்களா?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன். உள்ள வாங்க. சீக்கிரம் வாங்க, கதவச் சாத்தணும்."

"எதுக்குங்க சாத்தோணும்?"

"சாயங்காலம் ஆயிருச்சுல்ல. மூட்டம் உள்ள வந்துரும்."

"என்னதுங்க வரும்?"

அடுக்களையிலிருந்து செல்வலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மலையில பொழுது சாஞ்சா மேகம் வீட்டுக்குள்ள வந்துருங்க்கா. பாய், துணி, அரிசி எல்லாம் ஈரமாயிரும். சாத்திச் சாத்தியே பழகிட்டோம்."

பழனாத்தாள் வாசலைத் திரும்பிப் பார்த்தார். தரை இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"எங்கூருக்கு மேகம் வந்துச்சுன்னா கதவத் தொறந்து உட்டுக் கும்புடுவோமுங்க. வரமாட்டீங்குதே."

பெரியமுத்து அவரையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப இங்க ராத்திரிக்கும் வராதா?"

"சத்தியமா வராதுங்க. மொதல்ல அந்தக் குல்லாவக் கழட்டுங்க, பாக்கற எனக்கே மூச்சு முட்டுது."

குல்லா கழன்றது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. காற்று நுழைந்து, சுவரில் இருந்த காலண்டரைப் பிய்த்துவிடுவதுபோல் அடித்தது. பெரியமுத்து கண்ணை மூடிக்கொண்டு அதில் நின்றார். "ஏத்தா செல்வி," என்றார், "ஏசி போட்டாப்ல இருக்கு. இத்தனை நாளும் நம்மள அவிச்சு வச்சிருக்கியே."

"நீங்கதான மாமா ஜன்னலுக்குக் கட்டைய வச்சு முட்டுக் கொடுத்தீங்க?"

"நீ ஏன் சொல்லல?"

"நானும் மூட்டம் நடுராத்திரிக்காவது வரும்னுல்ல நெனச்சேன்."

பழனாத்தாள் சிரித்துவிட்டு, பால் விடாத கட்டன்சாயா குடித்துவிட்டுத்தான் போனார். சாவியைப் பற்றிப் பேசவில்லை.

இங்கே ஒரு சந்தேகம். ஒரு குல்லாவும் ஒரு சாயாவும் ஒருவரை மாற்றிவிடுமா? 'பழனாத்தாள் மனம் மாறினார்' என்று எழுதி அடித்திருக்கிறேன். கதவு திறந்தது என்பது மட்டும் உறுதி.

6

அதன்பின் தெரு அவர்களைப் பார்த்தது. மாலையில் மாமனாரும் மருமகளும் டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டார்கள். அவருக்குச் செய்தி, அவளுக்குப் பாட்டு. அவள் மலையாள எழுத்துகளைச் சத்தமாகப் படிப்பாள், அவர் பாதியிலேயே நாற்காலியில் தூங்கிவிடுவார், அவள் எழுந்து மின்விசிறியை ஒரு புள்ளி குறைப்பாள். என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம் இந்தக் கடைசிதான். தமிழும் தெரிந்த ஜிபி சார் அதன் பக்கத்தில் 'அப்புறம்?' என்று எழுதியிருக்கிறார்.

அப்புறம் இரண்டு மாதம் முடியப்போகிறது. லயத்து வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டது, இனி மலைக்குத் திரும்ப முடியாது. நேற்று பழனாத்தாள் சொன்னாராம்:

"எனக்கு ஒண்ணும் இல்ல அம்மிணி. நாளைக்கு ஒரு பேச்சுன்னா பதில் சொல்லோணுமல்ல? ரெண்டு மாசமா உங்களுக்கு நேர் எதுக்க இருந்து பாத்துட்டு இருக்கறவங்க எதுத்தூட்டுக்காரங்க. அவங்கள ஒரு வார்த்த கேட்டுக்கறேன். அவங்க செரின்னா எக்ரிமெண்ட்டு."

7

முடிவு, முதல் வரைவு: பாண்டித்துரை திருந்தி வருகிறான். வீட்டுக்கு 'ஊட்டுக்காரர்' கிடைக்கிறார். பழனாத்தாள் நிம்மதியாகக் கையெழுத்து

அந்தப் பக்கத்தைக் கிழித்தது நான் இல்லை. "அவனை இந்த வீட்டுக்குள்ள விடாத கௌசி," என்றார் அக்கா, "வாடகை நான் கொடுக்கேன்."

இரண்டாவது வரைவு: எதிர்வீட்டுக்காரர்கள் தலையாட்ட மறுக்கிறார்கள். பெரியமுத்து ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைக்கிறார். அதற்கு மேல் எழுத முடியவில்லை. மடித்த ஸ்வெட்டரை நான்கு முறை வெளியே எடுத்துவிட்டேன்.

மூன்றாவது: எல்லாம் சுபம். எழுதினேன். ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? நான் அந்தத் தெருவில் இல்லை. ஒரு தடவை வந்து பார்த்ததைத் தவிர, எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் ஸ்டாப்பில் கேட்டது.

இதைப் படிக்கும் நீங்கள் இருக்கிறீர்கள். எதிர்வீட்டை உங்களுக்காகத்தான் காலியாக விட்டிருந்தேன். மூடிய கதவை வெளியிலிருந்து பார்த்தவர் நீங்கள். அதற்குள் என்ன இருந்தது என்பதும் இப்போது உங்களுக்குத் தெரியும்.

எதிரே கதவு திறந்திருக்கிறது. பெரியமுத்து தூங்குகிறார். செல்வலட்சுமி டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, படிப்பதுபோல் புத்தகத்தை வைத்துக்கொண்டு உங்கள் வாசலையே பார்க்கிறாள். பழனாத்தாள் தெருவைக் கடந்து வந்து உங்கள் கேட்டில் கை வைக்கிறார்.

"ஏனுங்க, ஊட்ல இருக்கறீங்களா?"