மூலையில் பூசிய பச்சை

மன்னார், பேசாலையில் றஞ்சிதாவின் வீட்டு ஹோலில் ஒரு பூந்தோட்ட ஓவியம் தொங்கியது. சிவப்பும் ஊதாவுமாய் டேலியாப் பூக்கள், நடுவே மழையில் நனைந்த நடைபாதை. எண்ணெய் வர்ணத்தில் கீறியது. போன வருடம் பங்குக் கோவில் திருநாள் மலரின் அட்டையில் அந்தப் படத்தைப் போட்டு, 'வரைந்தவர்: அமரர் யோசேப்' என்று அச்சடித்திருந்தார்கள். யோசேப் றஞ்சிதாவின் அப்பா. கிழிந்த மீன்வலை பொத்திய அந்தக் கை ஒருநாளும் தூரிகை பிடித்ததில்லை.

கீறியவர் எருக்கலம்பிட்டி சாஹுல் ஹமீட். கடைப் பலகைகளுக்கும் வள்ளங்களுக்கும் பேர் எழுதிப் பிழைத்தவர். இளந்தாரியாய் நுவரெலியாவில் வேலைக்கு நின்றபோது, ஐம்பத்தாறாம் ஆண்டு, ஆசைக்குக் கீறிய ஒரே படம் அது. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் முஸ்லிம் சனத்தை மன்னாரைவிட்டு வெளியேற்றியபோது, கூட்டாளி யோசேப்பிடம் அதை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு புத்தளம் போனார். "அவன் வந்தால் குடுத்திடு பிள்ளை" என்று சொல்லித்தான் யோசேப் கண்ணை மூடினார்.

சில வருடங்களுக்கு முன், மகள் டிலோஜினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் படத்தை மெச்சி, யார் கீறியது என்று கேட்டார்கள். "என்ர அப்பா" என்று றஞ்சிதாவின் வாயில் வந்துவிட்டது. அவர்கள் போன கையோடு, வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்றை எடுத்து, மூலையில் இருந்த ஹமீட்டின் கையெழுத்தின்மேல் ஓர் இலையைப் போட்டாள். அந்தக் கலியாணம் முடிந்தது; பொய்யும் தன்பாட்டில் மலர் அட்டைவரை வளர்ந்தது.

ஆவணியில் ஒரு முற்பகல் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. தன் மகள் நிஸ்மியாவின் தோளைப் பிடித்தபடி, தொண்ணூறை எட்டும் ஹமீட் இறங்கினார்.

"யோசேப்பிட மகள்தானே? வாப்பா படத்தை ஒருக்காப் பாக்கோணும் எண்டு நிக்கிறார்" என்றாள் நிஸ்மியா.

றஞ்சிதா அவர்களை உள்ளே கூட்டிவந்தாள். கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் அதில் உட்காரவில்லை. படத்துக்குக் கிட்டப் போய் மூலையை விரலால் தடவினார்.

"இந்த இலை நான் போட்டதில்லை, மகள். இது வள்ளத்துப் பச்சை."

"நான்தான் போட்டனான்." அவள் நிலத்தைப் பார்த்தாள். "அப்பா கீறினதெண்டு சனத்துக்குச் சொல்லிப்போட்டன்."

"யோசேப்புக்குத் தெரியுமா?"

"இல்லை. அவர் காலமானாப் பிறகுதான்."

"அது காணும், போதும்" என்றார் ஹமீட். றஞ்சிதா படத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள்.

நிஸ்மியா படத்தைப் படுக்கை விரிப்பில் சுற்றினாள். "செல்லடிக்குள்ளயும் பத்திரமா வச்சிருந்திருக்கிறீங்கள். பெரிய உபகாரம்" என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள் றஞ்சிதா. ஓட்டோ தெருமுனை திரும்பும்வரை அவளால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

பின்னேரம் பங்குத்தந்தையிடம் போனாள்.

"மலரில பேர் பிழையா வந்திட்டுது, ஃபாதர். படம் கீறினது வேற ஆள்."

"அச்சுப் பிழை எல்லாருக்கும் வாறதுதானே. அடுத்த மலரில திருத்துவம்."

கேற்வரை வந்துவிட்டாள். அத்தோடு விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரியவராது. திரும்பி நடந்தாள்.

"அச்சுப் பிழையில்லை, ஃபாதர். பேரை நான்தான் மறைச்சனான். ஞாயிறு பூசை முடிய நானே சொல்லுறன்."

சொன்னாள். கோவிலின் முன்வரிசை வாங்குகளில் இருந்தவர்கள் தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிலோஜினி பாதியிலேயே தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.