சிர்க்கு வாசிக்காத ட்ரம்ஸ்

1

1982 மார்ச் 13, சனிக்கிழமை, மாலை ஐந்தேகால்.

இந்த நேரம் என் கற்பனை அல்ல. (மற்றதில் பாதி கற்பனைதான்.) எங்கள் அடுக்ககத்தின் சலவை அறையில், இயந்திரம் நிற்கக் காத்திருந்தபோது, அங்கே குடியிருக்கும் சிர்க்கு என்ற பெண்மணி பல வருடங்கள் கழித்துச் சொன்னார்:

"அந்த ரெக்கார்டுல ட்ரம்ஸ் நான் வாசிக்கல. சௌனாவுல முடிவு பண்ணிட்டாங்க. அஞ்சேகாலுக்கு நான் வெளியில வந்தேன், அவனுங்க உள்ள போனானுங்க."

துணியை அள்ளிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. அந்த ரெக்கார்டு என்னிடம் இருக்கிறது. பின்னட்டையில் 'ட்ரம்ஸ்: சிர்க்கு' என்று அச்சாகியிருக்கிறது. முன்னட்டையில் நான்கு முகங்கள், நான்கிலும் சிவந்த உதடு. எனக்கு வந்த கோபம்தான் இந்தக் கதை. வேறு நோக்கம் இல்லை.

2

முதல் தொடக்கம்: 'ஏரி உறைந்திருந்தது.' அடித்துவிட்டேன். பின்லாந்தில் மார்ச் மாதத்து ஏரி வேறென்ன செய்யும்?

இரண்டாம் தொடக்கம்: ஹமேன்லின்னாவுக்கு வெளியே, பழைய பால்பண்ணை ஒன்றில் இருந்தது அந்த ஒலிப்பதிவுக் கூடம். முதல் ஆல்பத்துக்காக 'வெல்வெட் எலிகள்' ஹெல்சிங்கியிலிருந்து வந்து அங்கே தங்கினார்கள். பாடகன் ஓலவி, கிட்டார் அஸ்கோ, பேஸ் எர்க்கா, ட்ரம்ஸ் சிர்க்கு. அவளுக்கு இருபத்திரண்டு வயது.* ஆண்கள் மூவரும் உதட்டுச் சாயம் பூசி, பெண்கள் சட்டை போட்டுக்கொண்டு பங்க் ராக் பாடினார்கள். சாயம் சிர்க்குவுடையது. சட்டைகள் அவள் தைத்தவை. கண்ணுக்கு மை தீட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். அந்த வேஷத்துக்காக ஊர் ஊராக உதை விழுந்தபோது அவளுக்கும் விழுந்தது.

(* சலவை அறையில் 'அவர்', கதைக்குள் 'அவள்'. கதைக்குள் அவளுக்கு இன்னும் வயதாகவில்லை.)

பெண்ணிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகு, அந்தப் பெண்ணையே

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். முடித்தால் மேடைப்பேச்சு ஆகிவிடும்.

3

சௌனா என்ற நீராவிக் குளியலறைக்கு முதலில் பெண்கள், பிறகு ஆண்கள். அங்கே பெண் ஒருத்திதான். அவள் ஈரத்தலையோடு அடுப்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். தயாரிப்பாளர் ஹெய்மோவும் மூன்று பையன்களும் உள்ளே, வழக்கப்படி உடம்பில் துணியில்லாமல், பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"பசங்களா, சிர்க்கு நல்ல பொண்ணு," என்றார் ஹெய்மோ. "ஆனா வேகம் கூடிக்கூடிப் போகுது. திங்கக்கிழமை ஒருத்தரை வரச் சொல்றேன். பத்துப் பாட்டையும் அடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுவார். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

சௌனாவில் யாரும் வாக்குவாதம் செய்வதில்லை. குரலை உயர்த்துவதும் இல்லை. இது தெரிந்துதான் ஹெய்மோ அங்கே கேட்டார் என்று எழுதினேன். பிறகு தோன்றியது: அவர் உண்மையிலேயே கேட்டிருக்கலாம். இது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஓலவி வாயைத் திறந்து,

ஆறு முறை எழுதிப் பார்த்தேன். காற்புள்ளிக்கு அப்பால் அவன் நகர மறுக்கிறான். பாவம் என்று அவனுக்கு ஒரு பல்வலி கொடுத்தேன். உடனே பிடுங்கிவிட்டேன். அவனுக்கு வலி ஒன்றும் இல்லை. அஸ்கோ தன் முழங்காலைப் பார்த்தான். எர்க்கா கரண்டியால் தண்ணீர் மொண்டு சூடான கற்களில் ஊற்றினான். ஆவி எழுந்தது. மற்ற இருவரில் ஒருவன் பேசுவான் என்று ஒவ்வொருவனும் நினைத்தான். யாரும் பேசவில்லை, ஆகவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் ஹெய்மோ.

மறுநாள் ஓலவி சொன்னான்: "உன் பங்கு முடிஞ்சுது சிர்க்கு. பிரமாதமா வந்திருக்கு. நீ ஊருக்குக் கிளம்பு."

அவள் நம்பிப் பேருந்து ஏறினாள்.

4

மே மாதம் ரெக்கார்டு வந்தது. இரண்டாவது பாட்டில், பல்லவிக்கு முன்னால், தான் அடிக்காத ஒரு ட்ரம்ஸ் உருட்டலைச் சிர்க்கு கேட்டாள். ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தாள். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"நீ அடிச்சதா இது? இப்பதான் காதுக்கு இதமா இருக்கு."

முடிவுகள்:

(அ) அவள் ரெக்கார்டை உடைக்கிறாள். உடைக்கவில்லை.

(ஆ) மறுபதிப்பில் உண்மையைப் போட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

(இ) அவள் தனிக் குழு தொடங்கிப் புகழ் பெறுகிறாள். இது உங்கள் ஆறுதலுக்கு. உங்களுக்கு எதற்கு ஆறுதல்? அவள் வாசிப்பு எந்த ரெக்கார்டிலும் இல்லை. இருந்திருக்க வேண்டியது அந்த ஒன்றில்தான்.

5

ஹெல்சிங்கியில் ஒரு குடியிருப்புக்கு அடியில், போர்க்காலத்துக்காகக் கட்டிய நிலவறையில்தான் அவர்கள் ஒத்திகை. அவள் ரெக்கார்டைக் கேட்ட அன்று மாலை ஆல்பத்தின் வெளியீட்டுக் கச்சேரி. மூவரும் ஒரே கண்ணாடி முன் நின்று சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். சிர்க்கு கதவருகே நின்றாள்.

"ட்ரம்ஸ் யாருடா வாசிச்சா?"

"அட்டையைப் பாரு, உன் பேர்தான் போட்டிருக்கு," என்றான் அஸ்கோ.

"பேரைக் கேக்கல."

"கோச்சுக்காத சிர்க்கு," என்றான் ஓலவி. "மேடையில நீதானே வாசிக்கப் போற. அதுல இருக்கிற மாதிரியே அடிச்சுட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"என் பேர்ல இருக்கிறதை நான் பார்த்து அடிக்கணுமா?"

"ஹெய்மோ எங்ககிட்ட கேட்டாருதான்," என்று எர்க்கா இழுத்தான்.

"எங்க வச்சு?"

"சௌனாவுல."

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அந்த மூன்று வாய்களுக்கும் நான் சொல் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. இனி உங்கள் பாடு. அவள் கேட்டதை மட்டும் தருகிறேன்.

"சரி, அங்க பேச மாட்டீங்க. வெளியில வந்து உடுப்பை மாட்டிக்கிட்டப்புறம், ரெண்டு மாசமா மூணு பேரும் என்னடா பண்ணிட்டிருந்தீங்க?"