கீழே வைக்க முடியாத வெளிச்சவீடு

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், லாசால் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் றொஷினி கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முன்பின் தெரியாத இருபது பேர் ஒரு வெளிச்சவீட்டை அடியோடு பெயர்த்துத் தோளில் ஏற்றினார்கள். ஆற்றின் பிழையான கரையில் கட்டிவிட்டார்களாம். இடித்துவிட்டு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டலாமே என்று ஒருவன் ஆங்கிலத்தில் எழுதினான். இல்லை, தூக்கிக்கொண்டு போவோம் என்று இன்னொருத்தி பிரெஞ்சில் எழுதினாள். அந்த வரியை வாசித்ததும் றொஷினிக்குக் கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை.

"பாத்தியே! சொன்னனெல்லோ? ஒருத்தரும் சொல்லிக்குடுக்கேல்லை, தாங்களாத் தூக்குதுகள்!"

"கத்தாதை," என்றான் பக்கத்தில் இருந்த லக்ஷன். அவனுடைய கண் இன்னொரு திரையில், சேர்வரின் பாரத்தைக் காட்டும் கோட்டில் இருந்தது. "கோடு ஏறுது."

விளையாட்டின் பெயர் 'அடுக்கு'. கட்டைகளை அடுக்கி வீடும் வீதியும் கட்டுகிற விளையாட்டு. எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே நேரத்தில் வந்து ஒரே ஊரைக் கட்டலாம். கல்லூரியில் பழக்கமான இரண்டு பேரும் சேர்ந்து செய்வது. கர்க்லாண்டில் இருந்து பஸ் மாறி மாறி லக்ஷன் ஒவ்வொரு வாரமும் வருவான். செய்து முடியவில்லை. எதைத் தொட்டாலும் முடியவில்லை. ஆறு ஓடாது, கண்ணாடித் தகடுபோல் கிடக்கும். சூரியன் உச்சியை விட்டு அசையாது, ஏனென்றால் இரவை இன்னும் எழுதவில்லை. மாடுகளுக்கு வால் இல்லை, மனிதர்களுக்கு முகம் இல்லை. படிகளில் ஏறலாம், இறங்குவதென்றால் குதிக்கத்தான் வேண்டும். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே நொடியில் கட்டை வைத்தால் இரண்டு கட்டையும் காணாமல் போகும்.

ஆனால் கட்டையோடு கட்டை பொருந்துகிற அழகு இருக்கிறதே, அதற்கு அவள் யாரோடும் பந்தயம் கட்டுவாள். மூலைகள் நூல் பிடித்ததுபோல் உட்காரும். சரித்து வைத்தால் சரிந்தே நிற்கும், வளைத்து அடுக்கினால் வளையும். எல்லாவற்றுக்கும் மேலே இந்தத் தூக்கல். கட்டியதை இடிக்காமல் பலர் சேர்ந்து தோளில் தூக்கி வேறிடம் கொண்டுபோகலாம். பாரம் எல்லாத் தோளிலும் சமமாக விழும். ஒருவர் விலகிப்போனால் அந்தப் பக்கம் சரியும். வேறெந்தக் கட்டை விளையாட்டிலும் இப்படி அவள் கண்டதில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க, சினேகிதிகளின் பிறந்தநாள்களைக்கூட விட்டுவிட்டு, அதை எழுதினாள்.

சேர்வரை விழுத்துவதும் அதுதான். தூக்கிய பொருள் தோளில் இருக்கும்வரை கோடு ஏறிக்கொண்டே போகும். போன கிழமை லக்ஷன் கறாராகச் சொல்லிவிட்டான்: "அடுத்த மாசம் எல்லாருக்கும் திறக்கப் போறம். இந்தத் தூக்கல் இருந்தால் முதல்நாளே படுத்திடும். வெட்டுவம்." வாய் கிழியச் சண்டை பிடித்து, கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். இன்றைக்கு வெளியாட்களை விட்டுப் பார்ப்பது. இவர்கள் இருவரும் உள்ளே போகவும் கூடாது, ஒரு சொல் எழுதவும் கூடாது. தூக்கலால் சேர்வர் ஒருமுறை விழுந்தாலும், றொஷினி தன் கையாலேயே அதை அழித்துவிட வேண்டும்.

வெளிச்சவீடு ஆற்றைக் கடந்தது. முகமில்லாத இருபது பேர் கண்ணாடித் தண்ணீரில் காலை வைத்து வைத்து நடந்தார்கள். ஒருவன் தாளம்போல "இடம், வலம்" என்று எழுதிக்கொண்டே போனான். மறுகரையில் ஏறியதும் எல்லோரும் நின்றார்கள். நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள்.

"ஏன் நிக்குதுகள்?" என்றாள் றொஷினி.

திரையோரச் சாட் பெட்டியில் வரிகள் வந்து விழத் தொடங்கின. கீழே வைப்பது எப்படி? எந்தப் பொத்தான்? என்னால் விட முடியவில்லை. எனக்கும்தான். இது என்ன, பிழையா?

"கீழ வைக்கேலாம நிக்கினம்," என்றாள் அவள்.

"ஆர் கீழ வைக்கச் சொன்னது? அடியில ஒரு மேடையைக் கட்டிப்போட்டு அதுக்கு மேல இறக்க வேண்டியதுதானே."

"அதுதானே."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"லக்கு, நிலத்தில வைக்கிறதுக்கு நான் ஒண்டும் எழுதேல்லை."

"நீ எழுதேல்லை சரி. ஒரு வருசமா நானெல்லோ சோதிச்சுப் பாத்தனான்? நூறு தரம் தூக்கியிருப்பன். ஒருநாளும் நிலத்தில வைச்சுப் பாக்கேல்லையே!" அவன் தலையில் கை வைத்தான்.

எழுதும்போது அவள் மனதில் இருந்தது தேவாலயத்துப் பங்குத் திருநாள். புனிதரின் சுருவம் வைத்த கூட்டைத் தோளில் எடுத்துச் சுற்றிவரும்போது, நிற்கிற இடமெல்லாம் யாராவது மேசையோடு முன்னால் ஓடுவார்கள். அவன் மனதில் இருந்தது கோயில் திருவிழாவில் சாமியைத் தோளில் காவுவது. அங்கேயும் அப்படித்தான். தூக்கியதை வெறும் நிலத்தில் வைக்கலாம் என்கிற நினைப்பே வேதக்காரிக்கும் வரவில்லை, சைவக்காரனுக்கும் வரவில்லை. றொஷினிக்குச் சிரிப்பு வந்தது. லக்ஷனுக்கும் வந்தது, ஆனால் கோட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"சிவப்புக்குக் கிட்ட வந்திட்டுது, றொஷி. இப்ப நிப்பாட்டித் திருத்திப்போட்டுத் திரும்பத் தொடங்குவம். விழ முதல் நாங்களே நிப்பாட்டினால் விழுந்த கணக்கில்லை. அதை நான் விட்டுத்தாறன்."

"நிப்பாட்டினால் வெளிச்சவீடு?"

அவன் உதட்டைப் பிதுக்கினான். பொருள் தோளில் இருக்கும்போது விளையாட்டு அதைச் சேமிக்காது, நிறுத்தினால் அழிந்துபோகும். அதுவும் முடியாத வேலைகளில் ஒன்று.

"வேண்டாம்," என்றாள். "பின்னேரம் முழுக்க இருந்து கட்டினதுகள், பாவங்கள்."

"மேடை கட்டுங்கோ எண்டு ஒரு வரி எழுதிவிடன் அப்ப."

அவளுடைய விரல் விசைப்பலகைக்குப் போய்த் திரும்பியது. "எழுதினால் நான் சொல்லித்தான் செய்தவை எண்டு பேந்து நீதான் சொல்லுவாய்."

குசினிக்குள் இருந்து றொஷினியின் தாய் கத்தரின் எட்டிப் பார்த்தாள். "தம்பி லக்ஷன், றோல்ஸ் ஆறப் போகுது. அவளின்ர சனம் எங்கயும் ஓடாது, சாப்பிட்டிட்டுப் பாருங்கோ."

"ஓடுது அன்ரி," என்றான் லக்ஷன்.

உண்மைதான். அலுத்துப்போய் ஒருவன் விளையாட்டை மூடிவிட்டுப் போனான். வெளிச்சவீடு அந்தப் பக்கமாகச் சரிந்தது. இன்னொருவன் போனான். றொஷினி நகத்தைக் கடித்தாள். விழுந்தால் அழிக்கத்தான் வேண்டும். வாக்குக் கொடுத்தாயிற்று.

அதுவரை ஒரு மூலையில் தனியாக வாலில்லாத மாடுகளுக்குக் கொட்டில் கட்டிக்கொண்டிருந்த ஒருத்தி ஆற்றைக் கடந்து வந்தாள். சரிந்த பக்கம் குனிந்து பார்த்தாள். ஒரு கட்டையை அடியில் வைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. அதைப் பார்த்து வேறு இரண்டு பேர் ஓடி வந்து வைக்க, எல்லாம் ஒரே இடத்தில் விழுந்து மாயமாய்ப் போயின.

"போச்சு," என்றான் லக்ஷன்.

கொட்டில் கட்டியவள் பிரெஞ்சில் எழுதினாள்: ஒவ்வொருவராக. முதலில் நான், பிறகு நீ, பிறகு அவர். மேடை எழும்பத் தொடங்கியது. கட்டை, இடைவெளி, கட்டை. தூக்கி நின்றவர்களில் ஒருத்தி, எனக்கு வேலைக்கு நேரமாகிறது, என்ன செய்ய என்று கேட்டாள். எங்கிருந்தோ ஒருவன் வந்து அவள் நின்ற அதே இடத்துக்குள் புகுந்து நின்றான். இரண்டு உடல்கள் ஒன்றுக்குள் ஒன்று நின்றன. அவள் வெளியேறினாள். வெளிச்சவீடு அசையவில்லை.

"தோள் மாத்துறான்," என்றாள் றொஷினி. "லக்கு, இதை நான் எழுதேல்லை. சத்தியமா எழுதேல்லை."

செய்தி எப்படிப் பரவியதோ, ஊரின் மற்ற மூலைகளில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பாதியில் விட்ட மதில்களையும் கூரையில்லாத வீடுகளையும் விட்டுவிட்டு வந்து, களைத்தவர்களின் இடத்தில் ஒவ்வொருவராகப் புகுந்தார்கள். கோடு சிவப்பைத் தொட்டு நடுங்கியது. விழவுமில்லை, இறங்கவுமில்லை. மேடைக்கும் வெளிச்சவீட்டுக்கும் நடுவில் இன்னும் கொஞ்ச இடம் இருந்தது. பின்பக்கம் ஒரு தோள் குறைவாக இருந்தது.

லக்ஷன் கோடு ஓடிய திரையை மற்றப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான்.

"என்னடா செய்யிறாய்? உள்ள போகக்கூடாது எண்டு நீதானே சொன்னனீ?"

"சும்மா இரு."

ஆற்றின் பழைய கரையில் புதிதாக ஒரு உருவம் முளைத்தது. முகமில்லை. நடை இன்னும் சரியாக வராத கால்களோடு, தண்ணீரில் இடறி இடறி, வெளிச்சவீட்டின் பின்பக்கத்தை நோக்கி அது ஓடத் தொடங்கியது.