நஸ்லாவுக்குப் பால் வற்றியது

ஆலங்குடாவில் உல்லாசப் பயணிகள் தங்கும் ஒரு ஹோட்டலில் நஸ்லா படுக்கை விரிப்புகள் துவைத்து வந்தாள். மகள் நிஃப்லா பிறந்தபோது, ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை என்று, வீடு வந்து தாய் சேய்களைப் பார்க்கும் மிட்வைஃப் மிஸியிடம் உறுதியாகச் சொல்லியிருந்தாள். பிள்ளையும் நன்றாகக் குடித்தது. தொடைகளில் மடிப்பு விழுந்தது.

அப்போதுதான் மீன்பிடிக்கப் போன கணவன் நௌஃபரின் கால் படகு எஞ்சினின் விசிறியில் சிக்கியது. அவன் பாயோடு கிடக்க, நஸ்லா வேலைக்குத் திரும்பினாள். பிள்ளையை அவனுடைய அக்கா நஃபீஸா பார்த்துக்கொண்டாள்.

"பாலக் கறந்து வெச்சிட்டுப் போங்க. கோப்பையால பருக்கலாம்" என்றார் மிஸி.

காலையில் கறந்து வைத்தது மதியத்துக்கே போதவில்லை. ஹோட்டலில் மார்பு கல்லாகிக் கனத்துச் சட்டை நனைந்தது. அங்கே கறப்பதை ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று சமையலறைப் பொறுப்பாளரிடம் கேட்டாள்.

"வெள்ளக்காரர்ட சாப்பாடு வெக்கிற இடம், தங்கச்சி. ஆரும் கண்டா என்ட வேல போயிரும்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நஸ்லா கழிவறைக்குள் போய்ப் பாலைப் பீச்சிவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

ஒருநாள் வீடு திரும்பியபோது நஃபீஸாவின் கையில் பிள்ளைக்குப் பாலூட்டும் சூப்பிப் போத்தல் இருந்தது.

"என்ன மதினி இது?"

"பால்மா. புள்ள கத்திக் கத்தி மூச்சடைச்சிப் போச்சி. நான் வேற என்ன செய்யிற?"

நௌஃபர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

தானாக ஒழுகும் சூப்பிக்குப் பிள்ளை பழகியது. மார்பில் வைத்தால் முதுகை வளைத்து அலறியது. பிறகு வயிற்றோட்டம். புத்தளம் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள்.

"விடாம மார்புல போடுங்க, பால் திரும்பி வரும்" என்றாள் வார்ட்டுத் தாதி.

நஸ்லா விடவில்லை. பிள்ளை அலற அலறப் போட்டாள். ஒரு பின்னேரம் நிஃப்லா மெல்லப் பற்றி இழுத்தது. துளித்துளியாகப் பால் வந்தது. நஸ்லா அசையாமல் இருந்து அழுதாள்.

வீட்டுக்கு வந்த அன்றே ஹோட்டலிலிருந்து அழைப்பு வந்தது. நாளைக்கு வராவிட்டால் வேறு ஆளை எடுப்பார்களாம்.

"போகாட்டி என்னா?" என்றான் நௌஃபர்.

"போகாட்டி எதத் தின்னுற?"

அவள் போனாள். கொஞ்ச நாளில் சட்டை நனைவது நின்றுபோனது.

ஒரு வெள்ளிக்கிழமை லீவில் நஸ்லா தானே பால்மா கரைத்துப் பிள்ளைக்கு ஊட்டினாள். அது குடித்துக்கொண்டே, முற்றத்தில் நஃபீஸாவின் குரல் கேட்ட பக்கம் தலையைத் திருப்பியது.