பெருசு பெரிதாக்கிய படம்

குடிநீர் அலுவலகத்தில் வரைவாளராக இருந்த அந்தப் பெண்ணுக்குப் பதினோரு வருட அனுபவம். அவளுடைய அதிகாரிக்கு அனுபவம் ஒன்றுதான் சிறிது. மேசை, நாற்காலி, கையெழுத்து எல்லாமே பெரிதாக இருக்க வேண்டும் அவருக்கு. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைப் 'பெருசு' என்றே சொன்னார்கள்.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து போகும் குழாயில் உடைப்பு. தண்ணீரை நிறுத்தும் வால்வோ மண்ணுக்கடியில் எங்கேயோ கிடந்தது. அவள் பழைய கோப்புகளைக் குடைந்து ஒரு படம் போட்டாள். அளவு 1:2000. படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் இரண்டாயிரம் சென்டிமீட்டர், அதாவது இருபது மீட்டர். தொட்டி வாசலிலிருந்து வால்வு மூன்று சென்டிமீட்டர். அறுபது மீட்டர் நடந்து தோண்டினால் வேலை முடிந்தது. படத்தின் அடியில், கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட அளவுப் பட்டை ஒன்றும் வரைந்திருந்தாள்.

"இவ்வளவு சின்னப் படமா? ரெண்டு மடங்காக்குங்க. அடியில என்னம்மா இது, பாம்பு மாதிரி? வெட்டிடுங்க" என்றார் பெருசு.

"சார், படம் பெருசானா அந்தப் பட்டையும் கூடவே பெருசாகும். அதை வச்சு எப்பவும் சரியா அளக்கலாம். பக்கத்துல இருக்கிற 1:2000ங்கிற நம்பர் அப்படி மாறாது."

"ஏன் மாறாது? நம்பரும்தான் பெருசாகும். தூரத்துல இருந்தே படிக்கலாம்!"

இந்த ஞானத்தோடு அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். பெருசே பட்டையை வெட்டிப் போட்டு, இரண்டு மடங்காக நகலெடுத்து, மேஸ்திரியிடம் கொடுத்தனுப்பினார்.

மேஸ்திரி தப்பே செய்யவில்லை. அளந்தார், ஆறு சென்டிமீட்டர். எண்ணைப் படித்தார், 1:2000. ஆறு இருபது நூற்றிருபது மீட்டர். அங்கே போய் ஆள் உயரத்துக்குத் தோண்டினார். வால்வு வரவில்லை, ஒரு மாமியார் வந்தார்.

நூற்றிருபதாவது மீட்டரில் இருந்தது பெருசின் மாமனார் வீட்டு வாசல். பெருசு அங்கேதான் வீட்டோடு மாப்பிள்ளை. அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்திருந்தார்; கார் உள்ளே, பள்ளம் வெளியே.

மேஸ்திரியிடமிருந்து போன் வந்ததும் அவள் ஆட்டோ பிடித்து ஓடினாள். தெருவில் கணுக்கால் அளவுத் தண்ணீர்.

"படத்தை ரெண்டு மடங்காக்கிட்டாங்க அண்ணே. இப்ப இதோட அளவு ரெண்டாயிரம் இல்ல, ஆயிரம். ஒரு சென்டிமீட்டர்னா பத்து மீட்டர்தான். பாதி தூரம் திரும்பிப் போங்க."

மேஸ்திரி போனார். அரை மணி நேரத்தில் வால்வு கிடைத்தது, தண்ணீர் நின்றது.

"யாரு மாப்பிள்ளை இந்தப் படத்தைக் குடுத்தது?" என்று மாமியார் கேட்டார்.

"நகல் மெஷின்ல கோளாறு அத்தை" என்றார் பெருசு, மெஷினுக்கு வாய் இல்லை என்ற தைரியத்தில்.

பள்ளத்தை மூடி, உடைத்த வாசல் கான்கிரீட்டை மறுபடி போட்டு, அது காய மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் பெருசு பேருந்தில்தான் வந்தார். அவளும் அதே பேருந்து. முதல் நாள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

"உக்காருங்க சார்."

"பரவால்லம்மா, இதோ பக்கம்தானே" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அலுவலகம் பதினான்கு கிலோமீட்டர். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.