முந்த முடியாத பாதை

சோமசேகரத்தின் மினிபஸ் தெல்லிப்பழையிலிருந்து யாழ்ப்பாணம் வரும் அழகைப் பார்த்தால் செத்தவீட்டு ஊர்வலமே பரவாயில்லை என்று தோன்றும். அடுத்த பஸ் கண்ணாடியில் தெரியும்வரை ஊர்வார். பக்கத்துச் சிறு ஒழுங்கைக்குள் யாராவது சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றாலும் காத்து நிற்பார். பின்னால் பஸ் தெரிந்துவிட்டால் பறப்பார். நடுவீதியைப் பிடித்துக்கொண்டு ஒருவரையும் முந்த விடமாட்டார். அந்த வீதியில் மினிபஸ் ஓட்டும் எல்லாரும் செய்கிற வேலைதான். இவர் அதில் வித்துவான்.

இப்பேர்ப்பட்டவருக்கு நகரத்துக்குள் பஸ்ஸுக்கென்றே தனிப்பாதை போட்டுக் கொடுத்தார்கள். போக ஒன்று, வர ஒன்று; இரண்டு பக்கமும் கொங்கிறீட் கட்டு, நடுவில் ஒரு பஸ் போகிற அகலம். நெரிசலில் மாட்டாமல் பஸ்கள் விரைவாக நிலையத்துக்குப் போய்ச் சேருமாம். இதை வரைந்தவர்கள் ஒருநாளும் மினிபஸ்ஸில் ஏறியிருக்க மாட்டார்கள். உள்ளே போனபின் எவனாலும் முந்த முடியாது என்பது சோமசேகரத்துக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. இனிப் பறக்கவும் தேவையில்லை. பின்னால் வருகிறவன் எவ்வளவு கத்தினாலும் தரிப்பிடத்துச் சனம் முழுக்க அவருக்குத்தான்.

அவருக்கு ஒரே மகள், உதயகலா. பட்டம் முடித்து வருடக்கணக்காக வேலைக்கு அலைந்தவள். அன்று காலை ஒன்பது மணிக்கு நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவளுக்கு அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சை. இதை விட்டால் வயதெல்லை தாண்டிவிடும். தன் பஸ்ஸிலேயே முன் சீற்றில் இருத்திக் கூட்டிப் போகிறேன் என்று சோமசேகரம் விடியவே சொல்லிப் பார்த்தார்.

“உங்கடை வண்டி ஊருமப்பா. நான் சிவப்பு பஸ்ஸிலை போறன்” என்றாள் அவள்.

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அரசாங்கத்துச் சிவப்பு பஸ்தான் அவருடைய பரம எதிரி. பெற்ற மகளே அதில் ஏறுகிறேன் என்றால் மனிதருக்குக் கோபம் வராதா? அப்படியே வெளிக்கிட்டுப் போய்விட்டார். அவள் முதல் பஸ்ஸிலேயே போயிருப்பாள் என்றுதான் நினைத்தார்.

தனிப்பாதைக்குள் நுழைந்ததும் வழக்கம்போல் ஊர்ந்தார். நடத்துநர் பஞ்சலிங்கம் படியில் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிட்டார். பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் சிவப்பு பஸ். விட்டுவிட்டு அடித்தவன், பிறகு கையை எடுக்காமலே அடித்தான். காலையில் தைத்த முள் இன்னும் உள்ளே இருந்தது. சோமசேகரம் தரிப்பிடத்தில் நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தார்.

“சேகரண்ணை, பாவம், பின் பஸ்ஸாலை ஆக்கள் இறங்கி ஓடுதுகள்” என்றார் பஞ்சலிங்கம்.

“ஓடட்டும். உடம்புக்கு நல்லது.”

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இரண்டு பெடியன்களும் ஒரு பெண்ணும் பஸ்ஸை ஒட்டிக் கொங்கிறீட் கட்டின் மேலால் ஓடிப் போனார்கள். கடைசியாக நீலச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருத்தி ஓடினாள். சாரதி இருக்கையைக் கடக்கும்போது ஒரு தரம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

உதயகலா.

சோமசேகரம் எஞ்சினைப் போட்டு விரட்டினார். அவரை அவ்வளவு வேகமாக அந்தப் பாதை அதுவரை கண்டதில்லை. ஆனால் அவள் கட்டைத் தாண்டிப் பள்ளிக்கூட ஒழுங்கைக்குள் இறங்கிவிட்டாள். அவரால் திரும்ப முடியவில்லை. நிலையம் வரைக்கும் அந்தக் கட்டுகளுக்கு நடுவே போய்த்தான் ஆகவேண்டும். போய், பஸ்ஸைப் பஞ்சலிங்கத்திடம் விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பி ஓடிவந்தார்.

பள்ளிக்கூடக் கேற் பூட்டியிருந்தது. காவலாளியிடம் கெஞ்சிப் பார்த்தாயிற்று என்பது அங்கே நின்ற நாலு பேரின் முகத்திலும் தெரிந்தது. கட்டின் மேலால் ஓடிவந்த அந்தப் பெண் மதிலோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். உதயகலா அழவில்லை. அம்மன் கோயிலில் அர்ச்சனை முடியப் பிந்திவிட்டதாம், முதல் பஸ்ஸைத் தவறவிட்டாளாம். அடுத்த பஸ்ஸும் நேரத்துக்குத்தான் வந்தது என்று அவரைப் பார்க்காமலே சொன்னாள்.

“நீ அதுக்கை இருக்கிறாய் எண்டு தெரிஞ்சிருந்தால் விட்டிருப்பனே பிள்ளை” என்றார்.

அவள் மற்ற மூவரையும் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“நான் இல்லாட்டில் விட்டிருக்க மாட்டியள், என்னப்பா?”

பொய் சொல்லலாம் என்று நினைத்தார். அது வரவில்லை.

வீட்டுக்குப் போக நிலையத்தில் அவள் திரும்பவும் சிவப்பு பஸ்ஸில்தான் ஏறினாள். அதற்கு அடுத்துப் புறப்படும் முறை சோமசேகரத்துடையது. தனிப்பாதையில் அது முன்னால் போக, அவர் பின்னால் போனார். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் அது நின்று நின்று சனத்தை அள்ளிக்கொண்டு போனது. அதன் பின்பக்கக் கண்ணாடிக்குள் மகளுடைய தலை தெரிந்தது. ஒரு தரமும் திரும்பவில்லை. ஹோர்ன் அடிக்கச் சொன்னார் பஞ்சலிங்கம். சோமசேகரத்துக்குக் கை வரவில்லை.